பம்பர் வெடித்தால் எங்கே போவது?



மளிகைக் கடைக்காரனுக்கும் கார் பம்பருக்கும் என்ன சம்பந்தம், எழுதுகிற ஆளுக்கு வயதாகிவிட்டதா என்று சிலர் கேட்கக்கூடும். வயதானது உண்மைதான். சம்பந்தம் இருப்பதும் உண்மை. நம் சங்க உறுப்பினர்கள் பலர் வீட்டு வாசலில் இன்று கார் நிற்கிறது. கடை வாசலில் குட்டி யானை நிற்கிறது. இரண்டுக்கும் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இருப்பது பிளாஸ்டிக். அது வெடித்தால் நாம் என்ன செய்கிறோம் என்பதில் நம் தொழிலின் மானமும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்பது சமீபத்தில்தான் நமக்கு உறைத்தது. அதை மறைக்காமல் எழுதுகிறோம்.

நம் தம்பி மகன் பழைய கார் ஒன்று வாங்கினான். வாங்கிய கையோடு அதைத் தாழ்த்தினான். தாழ்த்துவது என்றால், சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் சுருளில் ஒன்றரைச் சுற்றை வெட்டி எடுத்துவிடுவது. கார் தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும். அது போதாதென்று முன் பம்பருக்குக் கீழே உதடு மாதிரி ஒன்று, இரண்டு பக்கமும் பாவாடைக் கரை மாதிரி ஒன்று என்று வாங்கி மாட்டினான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குரங்கணிக்கு வசூலுக்குப் புறப்பட்டோம். "பஸ்ஸுக்கு ஏன் நிக்கிறீங்க பெரியப்பா, நான் கொண்டு போய் விடுறேன்" என்றான். போடியிலிருந்து முந்தல் வரை பேச்சும் சிரிப்புமாகப் போனது. அங்கே போடிமெட்டுச் சாலையை விட்டுப் பிரிந்து குரங்கணிப் பாதையில் ஏறினோம். வெள்ளைக்கோடு எதுவும் இல்லாத ஒரு வேகத்தடை, மர நிழலில் சாலை நிறத்திலேயே படுத்திருந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கியது. அடுத்து, பழைய சாக்கைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் உதடு இரண்டாக உடைந்து தொங்குகிறது, பம்பரின் கீழ் விளிம்பிலிருந்து மேலே ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு, இடது பக்கக் கரையில் கிளிப் பிய்ந்து ஒரு வாய் பிளந்திருக்கிறது. குரங்கணியில் நம் வாடிக்கையாளர் கடையில் சணல் வாங்கிக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம். வசூலுக்குப் போன இடத்தில் சணல் கடன் வாங்கி வந்த மொத்த வியாபாரி நாமாகத்தான் இருப்போம்.

அந்தப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு வருஷத்துக்கு முன்னால் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணிப் பக்கம் இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு வந்தன. மேலே மூணாறுப் பக்கம் ஓடிய சின்ன ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. போடிக்கு ரயில் வந்தது 1928இல். மாட்டுவண்டிக்காரன் அச்சு முறிந்தால் ஆசாரியைத் தேடினான், முழு வண்டியை மாற்றச் சொல்லி அவனிடம் யாரும் சொல்லவில்லை.

நம் பையனிடம் சொன்னார்கள். பக்கத்து ஊரில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய பணிமனைக்குப் போனான். வெடிப்பைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காமல், "இதெல்லாம் ரிப்பேர் கிடையாது சார், புதுசு மாத்தணும்" என்று கம்ப்யூட்டரில் ஒரு தாளை அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பம்பர், அதற்குப் பெயிண்ட், கழற்றி மாட்டக் கூலி, எல்லாவற்றுக்கும் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 18 ஆகக் குறைந்தது நல்ல விஷயம்தான். ஆனால் வாங்கத் தேவையில்லாத பொருளுக்கு 18 என்ன, 5 என்ன?

"இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம் பெரியப்பா" என்றான். அன்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். நம்மில் பலர் பாலிசித் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைப்பதோடு சரி.

சாதாரண முழுப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகம் எதுவானாலும், நேற்று வாங்கிய வண்டியாக இருந்தாலும், பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். அதற்குமேல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2,000. பேச்சுக்கு பம்பர் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதி போக 2,000. கட்டாயக் கழிவு போக 1,000. கையில் வருவது இவ்வளவே. இந்த ஆயிரத்தைக் கேட்டு வாங்கியதற்காக, கேட்பு இல்லாத வருஷங்களுக்குக் கிடைத்து வந்த தள்ளுபடி அடியோடு போய்விடும். அது முதல் வருஷம் 20, பிறகு 25, 35, 45, கடைசியில் 50 சதவீதம் என்று ஏறும் ஏணி. நாலாவது வருஷம் ஓடிக்கொண்டிருப்பவர், வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 6,000 என்று வையுங்கள், அடுத்த முறை 45 சதவீதம், அதாவது 2,700 ரூபாய் குறைத்துக் கட்டியிருப்பார். ஆயிரம் வாங்கி 2,700 கொடுப்பதை எந்தப் பேரேட்டில் லாபம் என்று எழுதுவது? அது ஒரு வருஷத்து நஷ்டம்தான். ஏணியில் மறுபடி கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டும். தேய்மானம் கழிக்காத பாலிசி என்று கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு தருகிறார்கள். அதிலும் தள்ளுபடியைக் காப்பாற்றத் தனியாகப் பணம் கட்டியிருந்தாலொழிய இந்த ஏணி சரியும்.

சரக்கு வண்டி வைத்திருப்போருக்கு இன்னொரு சேதி. குட்டி யானை போன்ற வணிக வாகனங்களின் பாலிசியில் பம்பர், மட்கார்டு, விளக்கு, பெயிண்ட் போன்றவை தாமாகச் சேர்வதில்லை. ஐ.எம்.டி. 23 என்ற பின்குறிப்புக்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் அவற்றைப் பற்றிப் பேசவே முடியும். உங்கள் பாலிசியில் அந்த எண் இருக்கிறதா என்று இன்று இரவே எடுத்துப் பாருங்கள்.

நம் பையன் விஷயத்தில் வேறொரு முடிச்சும் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் கொடுத்த அமைப்பு மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. சொல்லாமல் மாற்றிய வண்டி என்றால் இன்சூரன்ஸ்காரருக்கும் மறுக்க ஒரு வாய் கிடைத்துவிடும். "எல்லாரும்தான் பண்றாங்க" என்றான். கலப்படம் செய்து மாட்டியவனும் அப்படித்தான் சொன்னான் என்றோம்.

ஆனால் இளைஞனை மட்டும் திட்டிவிட்டுப் போவது நியாயமாகாது. ஸ்பிரிங்கை வெட்டாமலே காரைத் தாழ்த்துகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பின்சீட்டை மடக்கிவிட்டு 26 கிலோ அரிசி மூட்டை பன்னிரண்டை அடுக்கினால் 312 கிலோ. (25 கிலோ மூட்டை 26 ஆன கதை, 2022 ஜூலையில் வரி வந்த கதை, உங்களுக்குத் தெரியாததல்ல.) இத்தனை பாரமும் பின்சக்கரத்தின் மேல். அதோடு ஓட்டுகிறவரும் கடைப் பையனும். ஐந்து பேருக்கும் கொஞ்சம் பெட்டி படுக்கைக்கும் கணக்குப் போட்டுச் செய்த சின்னக் காருக்கு, தரையிலிருந்து வயிறு வரை உள்ள இடைவெளி 16, 17 சென்டிமீட்டர்தான். மூட்டை ஏறியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. பின் பம்பர் வேகத்தடையில் அமர்கிறது, சைலன்சர் தரையைத் தேய்க்கிறது. பிறகு, "இந்தக் கம்பெனி வண்டியே மட்டம்" என்று பேசுகிறோம். சொந்தக் கார் பாலிசியின் உபயோக நிபந்தனையில், மாதிரிச் சரக்கும் சொந்தப் பெட்டி படுக்கையும் தவிர வேறு சரக்கு ஏற்றினால் செல்லாது என்று எழுதியிருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவில் அந்தக் காரின் விலைக்கும் பழுதுபார்ப்புக்கும் இன்சூரன்சுக்கும் கட்டிய வரியை நாம் திரும்ப எடுக்க முடியாது. சரக்கு வண்டிக்கு எடுக்கலாம். காரில் மூட்டை ஏற்றி மிச்சம் பிடிப்பதாக நினைப்பது எவ்வளவு பெரிய ஏமாளித்தனம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பம்பருக்கு வருவோம். நம் ஊரில் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். அவருடைய தகப்பனார் தெருத்தெருவாகப் பிளாஸ்டிக் குடம், வாளி ஓட்டை அடைத்தவர். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியும் உடைந்த வாளித் துண்டுகளும்தான் அவருடைய முதல். பிள்ளை அதே வேலையை இன்று கார் பம்பருக்குச் செய்கிறார். நம் கடையில் மாதப் பற்று வைத்திருக்கிறார், ஒரு மாதமும் தவணை தப்பியதில்லை.

அவரிடம் முதலிலேயே ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். வெட்கத்தோடு சொல்கிறோம். ஆறு மாதத்துக்கு முன் நம் வண்டியின் முன்பக்கப் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று உடைந்தபோது, வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் பார்த்து வெளியூரிலிருந்து தபாலில் வரவழைத்தார்கள். நாமும் மலிவு என்று சும்மா இருந்தோம். அந்தப் பெட்டி கடை வாசலில் வந்து இறங்கிய நேரம், இவர் எண்ணெய் வாங்க நின்றுகொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்தார். நம்மைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சிட்டையை வாங்கிக்கொண்டு போனார். ஆன்லைனில் மளிகை வாங்குகிறவர்களைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் மேடையேறிப் பேசியவர்கள் நாம். அந்தப் பெட்டி அளவுக்குக் கனமான பொருளை அதற்குமுன் நாம் தூக்கியதில்லை.

இந்த முறை அவரிடமே போனோம். பம்பரைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு, சேற்றைச் சோப்புத் தண்ணீரில் கழுவினார். உட்புறத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் காட்டினார். "இதுதான் முதலாளி ஜாதகம்" என்றார். பி.பி., ஈ.பி.டி.எம். என்றிருந்தது. பாலிபுரொப்பிலீனில் ரப்பர் கலந்தது, பெரும்பாலான பம்பர்கள் இந்த வகைதான். உருக்கினால் உருகும், அதே வகைத் துண்டோடு சேரும். பக்கக் கரையில் ஏ.பி.எஸ். என்றிருந்தது. அதுவும் உருகும், ஆனால் இதோடு சேராது. அதற்கு அசிட்டோனில் அதே பிளாஸ்டிக் தூளைக் கரைத்துக் குழம்பாக்கி ஒட்டலாம். உடைந்த உதடு ஃபைபர். அது உருகவே உருகாது, கண்ணாடி நார்த் துணியும் ரெசினும் வைத்துத்தான் கட்ட வேண்டும். ஒரே காரில் மூன்று சாதி. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் செய்கிறவன் மெக்கானிக் அல்ல என்றார்.

நம் கடைகளில் சரம் சரமாகத் தொங்குகிறதே, உடனே ஒட்டும் பசைக் குப்பி, அது பி.பி. பம்பரில் நிற்காது. மெழுகு மாதிரி வழுக்குகிற பிளாஸ்டிக் அது. பம்பருக்கு என்று யாராவது கேட்டால் விற்காதீர்கள். ஐந்து பத்து ரூபாய் வியாபாரம் போனால் போகட்டும். பசை காய்ந்து மூடிய வெடிப்பை மறுபடி சுரண்டி எடுப்பதுதான் தனக்குப் பெரிய வேலை என்கிறார் அவர்.

அவர் வேலை செய்த விதத்தை அரை நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். முதலில், வெடிப்பு எங்கே முடிகிறதோ அந்த நுனியில் சின்னத் துளை ஒன்று போட்டார். கூர்மையான நுனி இருந்தால் வெடிப்பு ஓடிக்கொண்டே இருக்குமாம், வட்டத் துளையில் வந்து நின்றுவிடுமாம். பிறகு இரண்டு விளிம்பையும் சேர்த்துக் கிளிப் போட்டுப் பிடித்து, உட்புறம் வெடிப்பு நெடுகிலும் பள்ளம் செதுக்கினார். சால்டரிங் கம்பியால் துருப்பிடிக்காத மெல்லிய கம்பி வலையைப் பிளாஸ்டிக்குக்குள் அமுக்கிப் புதைத்தார். அதன்மேல், பழைய பம்பர் ஒன்றிலிருந்து கீறி எடுத்த நாடாவை உருக்கி நிரப்பினார். புகை வந்தால் சூடு அதிகம், பிளாஸ்டிக் கருகிவிட்டது என்று அர்த்தம். கருகிய பிளாஸ்டிக் ஒட்டாது. வெளிப்புறமும் அப்படியே செய்து, தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறவிட்டார். பிறகுதான் உப்புத்தாள், பட்டி, பிளாஸ்டிக்குக்கென்று உள்ள பிரைமர், பெயிண்ட். இந்த பிரைமர் இல்லாமல் அடித்த பெயிண்ட் மூன்றே மாதத்தில் பாம்புச் சட்டை மாதிரி உரியும். மலிவாகச் செய்கிறவர்கள் கைவைப்பது இந்த இடத்தில்தான், கேட்டுச் செய்யுங்கள்.

கூலி 1,200 ரூபாய், பெயிண்ட் தனி. கண்ணாடிக் கதவுப் பணிமனைத் தாளில் இருந்த தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

ஆனால் இதையெல்லாம் அவர் உடனே செய்துவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வண்டியைப் பார்த்ததும், "தம்பி, முதல்ல ஸ்பிரிங்கை மாத்தி வண்டியைத் தூக்கிட்டு வாங்க. அப்புறம் ஒட்டித் தர்றேன். இப்படியே ஒட்டினா அடுத்த வேகத்தடையில மறுபடி வெடிக்கும். உங்க காசும் போகும், என் பேரும் போகும்" என்றார். கண்ணெதிரே காசு இருந்தும் வேண்டாம் என்றார். சுருளை வெட்டினால் ஸ்பிரிங் அமுங்க இடமில்லாமல், குழியில் இறங்கும் அடி முழுதும் வண்டியில் இறங்கும் என்று படம் வரைந்து காட்டினார். பையன் முகம் சுருங்கியது. இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கம்பெனி அளவு ஸ்பிரிங் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

எதையும் ஒட்டலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. வெயிலில் வெளுத்து மொறுமொறுப்பான பழைய பிளாஸ்டிக்கில் ஓர் இடத்தை ஒட்டினால் பக்கத்து இடம் விடும். பம்பருக்குப் பின்னால் மோதலைத் தாங்கும் இரும்புச் சட்டம் வளைந்திருந்தால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும். மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக்கைப் பளபளப்பாக்கி அதை மறைப்பது பாவம். தாங்கும் கொக்கிகள் எல்லாம் போய்விட்ட பம்பரைக் கம்பியால் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் போகக் கூடாது. வளைவில் அவிழ்ந்து சக்கரத்துக்குள் போனால் பள்ளத்தில்தான் நிற்கும். சணல் கட்டிக்கொண்டு வந்த நாம் இதைச் சொல்வது வேடிக்கைதான். அன்று இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம். ஒட்டுப் போட்ட இடத்தில் பெயிண்ட் நிறம் அச்சாகச் சேராமல் ஒரு சாயல் தெரியலாம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் கார் என்றால் அது குறைதான். நமக்கு என்ன?

கம்பெனிக்காரர்கள் உதிரிபாகத்தையும் விவரத்தையும் தங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வெளி மெக்கானிக்குகளைப் பட்டினி போடுகிறார்கள் என்பது புதிய புகார் அல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு இதற்காக மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவர்கள் மேல்முறையீடு, தடை என்று போனார்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமே திறந்தது. அங்கெல்லாம் நடப்பது நடக்கட்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் 14 வகைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது, ஒரு கேரி பேக்குக்காக நம் கடைகளில் ஏறி அபராதம் போட்டார்கள். கட்டினோம். ஒரு சாண் வெடிப்புக்காக மூன்று நான்கு கிலோ பிளாஸ்டிக்கை முழுசாகத் தூக்கிக் காயலான் கடையில் போடுவதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

நம் கடைக்கு வராமல் பெரிய கடைக்குப் போகும் வாடிக்கையாளரைப் பார்த்து நம் வயிறு எரிகிறது. "மலிவு என்கிறார்கள், அவசரத்துக்குக் கடன் தருவது யார், கல்யாணத்துக்குச் சரக்கை வீட்டில் இறக்குவது யார்" என்று கேட்கிறோம். அதே கேள்வியை அந்தப் பம்பர்க்காரர் நம்மைப் பார்த்துக் கேட்டால் பதில் வைத்திருக்கிறோமா? இரவு ஒன்பது மணிக்கு மலையடிவாரத்தில் நம் வண்டி நின்றால் கருவியை எடுத்துக்கொண்டு வரப்போகிறவர் அவர்தானே. அவர் பட்டறை மூடினால் நம் பேரேட்டில் ஒரு பக்கம் மூடும். வெடிப்பு என்று தெரிந்ததும் முதலில் ஊருக்குள் காட்டுங்கள். முடியாது என்று அவர் சொன்னால் பிறகு வெளியே போங்கள். காரில் மூட்டை ஏற்றும் உறுப்பினர்கள், ஒரே திசையில் போகும் மூன்று நான்கு கடைகள் சேர்ந்து வாரத்தில் இரண்டு நாள் ஒரு குட்டி யானையைப் பேசி வைத்துக்கொள்ளலாம். கோட்டகுடி, குரங்கணிப் பக்கம் போகும் சரக்குக்கு நாம் இடம் தரத் தயார். டீசலைப் பங்கு போட்டுக்கொண்டால் போதும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அடுத்த முறை குரங்கணிக்குப் போனபோது ஜவுளிக்கடை நண்பரிடம் டேப் வாங்கிக்கொண்டு போய் அந்த வேகத்தடையை அளந்தோம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெதுவாக ஏறி இறங்க வேண்டும். இது ஒரு மீட்டர் அகலம்கூட இல்லை. உயரம் 14 சென்டிமீட்டர், கோடும் இல்லை, முன்னறிவிப்புப் பலகையும் இல்லை. ஸ்பிரிங் வெட்டாத வண்டியே சரக்கோடு வந்தால் இடிக்கும். இரவில் இருசக்கர வண்டிக்காரன் கதி என்ன ஆகும்? அளவைக் குறித்து, வரைபடத்தோடு ஒரு மனு எழுதிச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். அந்தப் பாதையில் வண்டி விடுகிற உறுப்பினர்கள் வரும் கூட்டத்துக்கு முன் வந்து கையெழுத்திட்டுப் போகவும். வண்டி எண்ணையும் எழுதுங்கள், எத்தனை வண்டி போகிறது என்று மேலே உள்ளவர்களுக்குத் தெரியட்டும்.